தம்பியைச் சேர்க்க அலைந்த கதை: முதல் இடமே தப்பு

வாசலில் "மறுவாழ்வு மையம்" என்று போர்டு தொங்கினால் உள்ளே மனக்காயத்துக்கு வைத்தியம் நடக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பதாயிரம் ரூபாயும் பதினோரு நாளும் ஆனது. ரூபாய் என்னுடையது. நாட்கள் தம்பியுடையவை.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று தம்பி தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்தான். படகு கவிழ்ந்து, காலி கன்னாசு (பிளாஸ்டிக் கேன்) ஒன்றைக் கட்டிப்பிடித்து ரெண்டு ராத்திரி மிதந்து கிடந்தவன். கூடப் போனதில் ரெண்டு பேர் வரவே இல்லை. வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தான். வருஷம் போகப்போகத்தான் முற்றியது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கூரைத் தகட்டில் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான், விடியும்வரை அப்படியே. தூங்குவதற்குக் குடித்தான். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது அந்தக் குடி மட்டும்தான்.

"குடிய நிறுத்துனா எல்லாம் சரியாவும் மக்களே, எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு" என்றார் சித்தப்பா. போனோம். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதி நிரப்பாத படிவத்தை நீட்டி "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலால் காட்டினார்கள். ரேஷன் கடை பில்லையே ரெண்டு தரம் பார்க்கிற நான், அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பத்து நாளைக்கு யாரும் பார்க்கக்கூடாது என்பது விதியாம்.

பதினோராம் நாள் போனபோது அவன் மணிக்கட்டில் கயிற்றுத் தடம். இரும்புக் கேட் பூட்டிய ஹாலில் ராத்திரி மழை பெய்ததும் கத்தியிருக்கிறான். குடியை விட்ட நடுக்கம் என்று கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் யாரும் வந்து பார்க்கவில்லை. அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், தன் விருப்பத்தோடு சேர்ந்தவர் வெளியே போகணும் என்றால், நிலைமையைச் சோதித்துப் பார்க்க அதிகபட்சம் 24 மணி நேரம்தான் நிறுத்தி வைக்கலாம். "வீட்டுக்குப் போணும்" என்று ரெண்டாம் நாளே கேட்டானாம். எனக்கு அப்போது சட்டமும் தெரியாது, அவன் கேட்டதும் தெரியாது.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தூக்கம் முதல்ல போச்சா, குடி முதல்ல வந்துதா?" இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. நிறையக் குடிப்பவருக்கு மருத்துவர் கண்காணிப்பில்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். பதினோரு நாளை நினைத்து எனக்கு வியர்த்தது. தங்கி சிகிச்சை எடுப்பது நல்லது என்று எழுதிக் கொடுத்தார்.

ரெண்டாவது இடம் குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்து நடுவில், ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. இந்தத் தடவை போனிலேயே விசாரித்துவிட்டேன். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, ராத்திரி நர்ஸ் உண்டா, வந்த அன்றைக்கே புயல் கதையைப் பேச வைப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு "இல்லை, முதலில் தூக்கமும் பயமும் கட்டுக்குள் வரணும்" என்றார்கள். "ஆமா" என்று சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேன்.

போன முதல் தடவை வீண். ஆதாரில் ஞானஸ்நானப் பெயர், ஆசாரிபள்ளம் சீட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். "ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி நம்புறது?" என்று கவுண்டரில் இருந்த பெண் திருப்பி அனுப்பிவிட்டார். கடற்கரையில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான், சீட்டு எழுதும்போதே ஆதாரை நீட்டிவிடுங்கள். மறுநாள் பெயரைத் திருத்தி எடுத்துப் போனால், சிகிச்சை முடிவுகளில் தம்பிக்குத் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியாக என்னைப் போடும் கடிதத்துக்கு நூறு ரூபாய் முத்திரைத் தாள் வேணும் என்றார் அதே பெண். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அதே மனநலச் சட்டத்தின் 14-ம் பிரிவு சொல்கிறது. அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் சீல் குத்தினார். அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது.

இன்னொன்று, ஆண்களைச் சேர்க்கும்போது அரைஞாணையும் கழுத்து ஜெபமாலையையும் கழற்றச் சொல்வார்கள். வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். அந்த இடத்தில்தான் இவன் முதலில் முரண்டு பிடித்தான்.

உள்ளே ஒரு வாரம் கழித்து ஒரு கூத்து. வராந்தாவில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலக் கன்னாசு ஒன்று இருந்தது. அது காலியானால் இவன் எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே கையைப் போட்டுக்கொண்டு படுப்பான். அட்டெண்டர் திட்டிக்கொண்டே திரும்ப எடுத்துப் போவார். மறுபடி எடுத்து வருவான். கவுன்சலர் மதுரைக்காரர். கன்னாசு என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. இவன் அவரிடம் "கன்னாசு இல்லேன்னா நான் இல்ல" என்று சொல்லியிருக்கிறான். அவர் அதை யாரோ ஆள் பெயர் என்று நினைத்து, "கன்னாசு யாரு, ஒக்கியில் இறந்துபோன நண்பரா?" என்று என்னிடம் கேட்டார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. விளக்கிச் சொன்னதும் அன்றைக்கே அந்தக் கன்னாசை அவன் கட்டிலுக்கே விட்டுவிட்டார்கள். மழை வந்தால் ஒரு கை அதன்மேல், ரெண்டு கால் சிமெண்ட் தரையில் அழுத்தி, "இது தரை" என்று சொல்லப் பழக்கினார்கள். புயலைப் பற்றிப் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் விசாரிப்பின்போது நம் பேச்சு தெரிந்த ஒருத்தர் கூட இருந்தே ஆகணும்.

சேர்த்தது ஜூனில், மீன்பிடித் தடைக்காலத்தில், அதனால் தொழில் நாள் போகவில்லை. 26 நாள். இன்சூரன்ஸ்காரர்கள் "மனநோய்க்கு இல்லை" என்று முதலில் தள்ளினார்கள். உடம்பு நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே என்று சொல்லும் அதே சட்டத்தின் 21(4) பிரிவைக் காட்டி, பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று எழுதினேன். சாப்பாட்டுக் கணக்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.

தம்பி இப்போது வள்ளத்தில் போய்ப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறான். தங்கலுக்குக் கூப்பிட்டால் போவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. போன வாரம் ராத்திரி மழையில் முடியாமல் போனபோது அவனே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் தமிழில் பேசினான். முதலில் போன இடத்தில் அவனுடைய ரெண்டு கைலியும் சார்ஜரும் இன்னும் கிடக்கின்றன. கட்டிய பணத்துக்கு ரசீதும் தரவில்லை. கேட்கணும் என்றால் மறுபடி அந்தக் கேட்டுக்குப் போகணும்.