எதிர்வீட்டு மாவ்ஷியின் திஷ்ரி மாதம்

2022 செப்டம்பர் 18, ஞாயிறு. தாணே

எதிர்வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா) மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர். திஷ்ரி அவர்களுடைய புத்தாண்டு மாதம். நேற்று ராத்திரி அவர் வீட்டில் மலிதா என்ற நேர்த்திக்கடன். பேத்திக்கு வேலை கிடைத்தால் செய்வதாக வேண்டிக்கொண்டிருந்தார், கிடைத்துவிட்டது. சனிக்கிழமை இருட்டி, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் அந்த வீட்டில் எந்த வேலையும் தொடங்கும். நேற்று மேகமூட்டம். காலண்டரில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்துத் தொடங்கினார்கள்.

மலிதா என்றால் இனிப்பு அவல்தான். ஊறவைத்த அவலோடு தேங்காய்த்துருவல், சர்க்கரை, ஏலக்காய், ஜாதிக்காய், திராட்சை, பாதாம். தாம்பாளத்தில் குவித்து, சுற்றிப் பழங்களை அடுக்கி, ஒரு ரோஜாப்பூவும் வைத்திருந்தார்கள். மரத்தில் காய்ப்பதற்கு ஒரு ஆசி, மண்ணில் விளைவதற்கு ஒரு ஆசி, பூவின் வாசனைக்குத் தனியாக ஒன்று. வாழைப்பழத்துக்கு மரத்துப் பழத்தின் ஆசி கிடையாது. வாழை மரமே இல்லையாம், மண்ணில் விளைவதோடுதான் சேர்த்தி. வருஷா வருஷம் தாறு தாறாகப் பார்த்து வளர்ந்த எனக்கே இது தோன்றியதில்லை.

பாட்டு முழுக்க எலியாஹு ஹனாவியைப் பற்றி. நம்மூர்க் கிறிஸ்தவர்கள் சொல்கிற எலியா தீர்க்கதரிசிதான். மாவ்ஷியின் ஜனங்களான பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு அவர் ஒரு காவல் தெய்வம் மாதிரி. ‘தெய்வம்’ என்று நான் எழுதியது தெரிந்தால் மாவ்ஷி அடிக்க வருவார். ஒரே தெய்வம்தான், மற்றவரெல்லாம் மனுஷர், அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, செவ்வாய்

விடிகாலை ஐந்து மணிக்குக் கீழே பைக் சத்தம். மாவ்ஷியின் மச்சினர் மகன், தூங்கி வழிகிற தன் பையனைப் பின்னால் உட்காரவைத்து டெம்பி நாக்கா சினகாகுக்கு, அதாவது யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குக் கிளம்புகிறான். புத்தாண்டுக்கு முந்தைய ஒரு மாதமும் விடியுமுன் செலிஹோத் என்ற மன்னிப்புப் பிரார்த்தனை உண்டு. அதற்குப் பத்து ஆண்கள் வேண்டும், பதின்மூன்று வயது நிரம்பியிருந்தால் போதும். பையனுக்குப் பதினான்கு. அவன் தூக்கம் போனது அந்தக் கணக்கில்.

ஆளை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாதாம். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வாக்கியத்தை, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசிச் சொல் வந்துவிட்டால் தொழுகை தொடங்கலாம். எங்கள் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லவே மாட்டார், ‘லாபம்’ என்பார். அது ஞாபகம் வந்தது.

பண்டிகைக்குக் கூடம் நிரம்பி வழியும், சாதாரண நாளில் பத்துப் பேரைத் தேடணும் என்கிறார் மாவ்ஷி. பெண்களைச் சேர்த்து எண்ணினால் தேடவே வேண்டாமே என்றேன். எனக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை. “உன் வீட்டில் தர்ப்பணம் யார் பண்ணுகிறது?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. பேச்சை மாற்றினேன்.

செப்டம்பர் 23, வெள்ளி

இன்று அல்வா. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

புத்தாண்டுக்கு பெனே இஸ்ரேல் வீடுகளில் அல்வா கிண்டியே ஆக வேண்டும். திங்கட்கிழமை ஊறப்போட்ட கோதுமையைத் தினமும் தண்ணீர் மாற்றி, நேற்று அரைத்துப் பிழிந்து, பாலைத் தெளியவைத்திருந்தார். மராத்தியில் அதற்குச் சீக் என்று பெயர். மேலே நின்ற புளித்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றும்போது வந்த வாசனையில் திருநெல்வேலியில் எங்கள் அம்மா அடுக்களைக்கே போய்விட்டேன். கோதுமைப்பால்! இருபத்திரண்டு வருஷமாக எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன். தட்டில் வந்ததைத் தின்றேனே தவிர, அது எதிலிருந்து ஆகிறது என்று கேட்டதே இல்லை.

முன்பு நாலு பேர் மாற்றி மாற்றிக் கிண்டுவார்களாம். இப்போது எல்லாரும் இஸ்ரேலில், இரண்டு நாத்தனார்கள் அஷ்தோதில், மகன் திமோனாவில். மாவ்ஷிக்குத் தோள்பட்டை வலி. நான் கிண்டுகிறேன் என்று கரண்டியை வாங்கிக்கொண்டேன். அடுப்பை மட்டும் அவரே பற்றவைத்தார், அது அவர் கையால்தான் ஆக வேண்டும் என்றார். சரி.

அரை மணி கழித்து, வீட்டுக்கு ஓடிப்போய் நல்ல நெய் கால் கிலோ எடுத்துவந்தேன். மாவ்ஷி வாசலிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டார். நெய் பாலில் வருவது. இந்த அல்வா பண்டிகை அன்றைக்குக் கறிச்சாப்பாட்டோடு வரும். பாலும் இறைச்சியும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது. அதனால் தேங்காய்ப்பால் மட்டும். இவர்கள் மட்டன் குழம்பில்கூடத் தயிர் போடாமல் தேங்காய்ப்பால் ஊற்றுவதற்கும் அதுதான் காரணம்.

நெய் இல்லாமல் அல்வாவா? நெய் பிரிந்து ஓரத்தில் நிற்கவில்லையென்றால் பதம் வந்தது எப்படித் தெரியும்? முணுமுணுத்துக்கொண்டே இரண்டரை மணி நேரம் கிண்டினேன். தேங்காய்ப்பாலும் எண்ணெய் விடும் என்று கடைசியில் பார்த்தேன். சட்டியை விட்டு உருண்டு வந்தது. ஏலக்காய், ஜாதிக்காய், கொஞ்சம் ரோஸ் நிறம். தட்டில் கொட்டி, பிஸ்தா தூவி, ஆறியதும் சாய்சதுரமாக வெட்டினார். சூரியன் அடங்கினால் சப்பாத், சனிக்கிழமை ஓய்வு, அதற்குள் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

ருசி? இருட்டுக்கடைக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நான் ஆறு துண்டு தின்றேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

காலையில் தர்ப்பணம், மத்தியானம் கொலுப்படி கட்டல், சாயங்காலம் மாவ்ஷி வீட்டில் விளக்கு. அவர்கள் கணக்கில் 5783ஆம் வருஷம் இன்று சூரியன் அடங்கியதும் பிறக்கிறது. அதே அமாவாசைக்கு மறுநாள் எங்கள் கொலு. புத்தாண்டின் பத்தாம் நாள் அவர்களுக்குப் பெரிய உபவாசம், எங்களுக்கு விஜயதசமி.

எல்லா வருஷமும் இப்படி அமையாது. சந்திரனைப் பார்த்து மாதம் வைத்து, பருவமும் தவறக் கூடாது என்கிறவர்கள் நடுநடுவே ஒரு மாதத்தைச் செருக வேண்டியிருக்கிறது. அவர்கள் 19 வருஷத்துக்கு 7 மாதம் சேர்க்கிறார்கள். நம் பஞ்சாங்கத்திலும் அதிக மாதம் உண்டு, ஆனால் இருவரும் ஒரே சமயத்தில் செருகுவதில்லை. அடுத்த வருஷம் அவர்களுக்குச் செப்டம்பர் நடுவிலேயே வந்துவிடுகிறது, நமக்கு அக்டோபர் 15.

செப்டம்பர் 26, திங்கள்

டெம்பி நாக்காவில் தாணே சிவசேனைத் தலைவராக இருந்த ஆனந்த் திகே தொடங்கிவைத்த நவராத்திரி மண்டபம், அதே நாக்காவில் 1879இல் கட்டிய சினகாக். ஷார் ஹஷமாயிம், ‘வானத்தின் வாசல்’ என்று பெயர். உள்ளே ஆட்டுக்கடாவின் கொம்பை ஊத, வெளியே டோல் தாஷா மேளம். ஊதும் சத்தம் காதில் விழுந்தால்தான் கடமை தீரும் என்பதால், ஊதும் நேரத்தில் சன்னல்களைச் சாத்தினார்களாம். மாவ்ஷி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டார். பொம்மைகளைக் கும்பிட மாட்டார், ஆனால் செட்டியார் பொம்மையின் கடையில் பருப்பு குறைந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டுவார்.

செப்டம்பர் 29, வியாழன்

என்னவர் தினம் மும்பை மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்குகிறவர். அந்தப் பெயர் எந்த மசூதியால் வந்தது தெரியுமா என்று மாவ்ஷி மடக்கினார். மசூதியே இல்லையாம். பழைய தலைமுறை பெனே இஸ்ரேல்காரர்கள் சினகாகையும் ‘மஷீத்’ என்றுதான் சொல்வார்கள். மாண்ட்வியில் இருக்கிற, 1796இல் சாமுவேல் திவேகர் கட்டிய கூடத்தை வைத்து ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது என்பார்கள். திவேகர் கம்பெனிப் பட்டாளத்தில் இருந்து திப்புவிடம் கைதியானவர், உயிரோடு திரும்பினால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது கதை. அவர் பெயரில் அங்கே சாமுவேல் தெரு இருக்கிறது. என்னவர் இத்தனை வருஷமும் அதைக் கிறிஸ்தவர் பெயர் என்றே நினைத்திருக்கிறார்.

அக்டோபர் 5, புதன்

விஜயதசமி. எதிர்வீட்டுக் கதவு நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சாத்தியே இருக்கிறது.

யோம் கிப்பூர். இருபத்தைந்து மணி நேரம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வெள்ளைப் புடவை, காலில் தோல்செருப்பு கூடாது. கொங்கணக் கிராமங்களில் இதற்கு ‘தார்ஃபால்ணிசா சண்’ என்று பெயர், கதவடைக்கிற பண்டிகை. ஹீப்ருப் பெயர்களும் புத்தகங்களும் வந்து சேரும் முன்பே, வீட்டுக் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த உபவாசம். அலிபாக் பக்கம் நவ்காவில் கப்பல் உடைந்து ஏழு ஆணும் ஏழு பெண்ணும் கரையேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்பார் மாவ்ஷி. செக்கு ஆட்டி எண்ணெய் விற்றார்கள், சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. ஊரார் ‘சனிவார் தேலி’ என்றார்கள். ‘சனிக்கிழமை வாணியர்’ என்று தமிழில் சொல்லலாம். நாம் சனிக்கிழமைதான் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம் என்றதும், “நல்லவேளை, உங்கள் ஊரில் கரையேறவில்லை” என்றார்.

இன்று வண்டியில் ஏறக் கூடாது. எழுபத்திரண்டு வயதில், ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல், சினகாக் வரை நடந்தார். தெருவெல்லாம் பேருந்துகள், கட்சி இரண்டாகிவிட்டதால் மும்பை சிவாஜி பார்க்கில் ஒரு சிவசேனையின் தசராக் கூட்டம், பாந்த்ரா குர்லா வளாகத்தில் இன்னொரு சிவசேனையின் கூட்டம். கொடிகளுக்கு நடுவே வெள்ளைப் புடவை போவதைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் போயிருக்கலாம். வீட்டில் பூஜை முடியவில்லை என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன்.

ராத்திரி ஏழரைக்குக் கதவு திறந்தது. திராட்சைச் சர்பத் குடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது.

அக்டோபர் 6, வியாழன்

உபவாசத்துக்கு மறுநாளும் அவர்களுக்குப் பண்டிகை. ‘ஷிளா சண்’, பழையது பண்டிகை. ஏழைகளுக்குக் கொடுப்பதும் உறவினர் வீட்டுக்குப் போவதும். நானும் சில்லறை மாற்றிக் கொடுத்தேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

சுக்கோத், பந்தல் பண்டிகை. சினகாக் முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், அதில் பழங்கள் தொங்குகின்றன. பந்தலின் கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது விதி. நட்சத்திரம் தெரிந்தால் மழையும் தெரியுமே! இந்த வருஷம் மழை இன்னும் விட்டபாடில்லை. சாப்பாடு நனைகிற அளவு பெய்தால் உள்ளே போகலாம் என்று சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். கொங்கணத்துக்காகவே எழுதியது போல் இருக்கிறது.

அக்டோபர் 18, செவ்வாய்

நேற்று ராத்திரி உள்ளே போய் வந்தேன். சிம்ஹத் தோரா, வேதத்துக்கான கொண்டாட்டம். வாசலில் போலீஸ், ஆதார் அட்டை, பைச் சோதனை. 2008 நவம்பரில் மும்பை யூத மையமான நரிமன் ஹவுஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. பண்டிகை நாளில் போன் எடுக்கக் கூடாது என்பதால் படம் இல்லை, என் எழுத்தை நம்பிக்கொள்ளுங்கள்.

நடுவில் கம்பிச்சுற்றுள்ள மரமேடை. மேற்குச் சுவரில் திரை போட்ட அலமாரி. ஜெருசலேம் இங்கிருந்து மேற்கே. எலியாவுக்கென்று ஒரு நாற்காலி, அதில் யாரும் உட்காருவதில்லை. எங்களுக்கு மாடியில் இடம். அலமாரி திறந்ததும், வெள்ளிக் கூட்டில் உள்ள, வேதம் எழுதிய தோல்சுருள்களை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையை ஏழு சுற்று சுற்றினார்கள். முதல் சுற்று மரியாதையாக, நாலாவதில் வேர்வை, ஏழாவதில் குதியாட்டம். செலிஹோத்துக்குத் தூங்கி வழிந்துகொண்டு போன அந்தப் பதினான்கு வயதுப் பையன் சட்டை வெளியே வந்தது தெரியாமல் ஆடினான். ஆண்களை எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். எண்ணக் கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முடிந்ததும் ஹாத்போஷி. பெரியவர் ஒருவர் தன் இரு கைக்குள் அடுத்தவர் கையை வாங்கி, விட்டு, தன் விரல்நுனியை முத்தமிட்டுக்கொள்கிறார். அப்படியே வரிசை வரிசையாக நகர்ந்து மாடிக்கும் வந்தது. யாரோ ஒரு பாட்டி என் கையையும் வாங்கிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அக்டோபர் 20, வியாழன்

தீபாவளிக்கு நாலு நாள்தான். லேகியத்துக்குச் சாமான் வாங்கப் போகும்போது மாவ்ஷி அடுத்த பட்டியலோடு நிற்கிறார். டிசம்பர் 18 சாயங்காலம் ஹனுக்கா முதல் விளக்கு. பிப்ரவரி 6 மரங்களின் புத்தாண்டு, அன்றைக்கு அலிபாக் பக்கம் கண்டாளா கிராமம். லோனாவ்ளா கண்டாளா இல்லை, அது வேறு. எலியாவின் ரதம் இறங்கிய தடம் பாறையில் இருக்கிறது என்று நம்புகிற இடம். அங்கே பெரிய மலிதா. வேனில் எனக்கும் ஒரு சீட் சொல்லி வைத்திருக்கிறாராம். கேட்கக்கூட இல்லை, சொல்லி வைத்துவிட்டார்.

அவல் என் பொறுப்பு, மூன்று கிலோ. மெல்லிசா, கெட்டியா என்று கேட்டேன். கெட்டி என்றார். லிஃப்ட் வரை போனதும் கூப்பிட்டு, இல்லை, மெல்லிசு என்றார். மச்சினரைக் கேட்டு ராத்திரி சொல்கிறாராம்.