கட்ஆஃப் ஏறிய கல்லூரிதான் நல்ல கல்லூரியா? – ஒரு கவுன்சிலிங் அனுபவம்

அக்கா மகளுக்குப் பொறியியல் கவுன்சிலிங் முடிந்து சீட்டும் கிடைத்துவிட்டது. ஆனாலும் இடையில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

பதிவு, பணம் கட்டுவது, ரேங்க் பட்டியல் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கான முதல் பட்டதாரி சான்றிதழில்தான் மாட்டிக்கொண்டோம். இறந்துபோன தாத்தாவின் படிப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூடமே போகாதவருக்கு யார் டி.சி. கொடுப்பது? கூலி வேலையை விட்டுவிட்டு பாலக்கோடு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த அக்காவிடம் அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பேசவில்லை. மேலதிகாரியைப் பார்த்து, தாத்தா படிக்கவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. கல்விக் கட்டணச் சலுகையே இந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து போன் மேல் போன். “போன வருஷம் எங்க காலேஜ்ல 185-க்குக் கீழ யாருக்கும் சீட் இல்ல சார். மேனேஜ்மென்ட் கோட்டாவுல இப்பவே அட்வான்ஸ் கட்டிடுங்க.” அக்கா கணவர் கடன் வாங்கக் கிளம்பிவிட்டார். முந்தைய ஆண்டுக் கட்ஆஃப் பட்டியலை எடுத்துக் காட்டித்தான் அவரை நிறுத்தினேன். அந்த 185 கணினி அறிவியலுக்கு மட்டும்; அதே கல்லூரியில் சிவிலும் மெக்கானிக்கலும் எங்கோ கீழே கிடந்தன.

“மாமா, கட்ஆஃப் அதிகம்னா நல்லா சொல்லித் தருவாங்கன்னுதானே அர்த்தம்?” என்று அக்கா மகள் என்னிடம் கேட்டாள். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நம்புகிறார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குப் போடும் அந்த எண், கடைசியாக உள்ளே போன மாணவரின் மதிப்பெண். அந்த இடத்துக்கு எத்தனை பேர் முண்டினார்கள் என்பது அதில் தெரியும். உள்ளே ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் திறக்கிறதா என்பது தெரியாது. நகரத்துக்குப் பக்கம், பஸ் வசதி, விளம்பரம், கணினி மோகம் எல்லாமே கட்ஆஃபை ஏற்றிவிடும்.

அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சிப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். அதையும் கட்ஆஃபோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 185 வாங்கிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு தேர்ச்சி காட்டுவது பெரிதில்லை. 140 வாங்கியவர்களைத் தேற்றிவிடும் கல்லூரியில்தான் பாடம் நடக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால், அவற்றின் எண்களை இதோடு ஒப்பிட முடியாது. பாடப்பிரிவின் தரத்தைப் பார்த்துத் தேசிய அங்கீகார வாரியம் கொடுக்கும் என்.பி.ஏ. அங்கீகாரத்தையும் கல்லூரிப் பெயருக்குப் பார்க்காமல், சேரப்போகும் பாடப்பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்தால் நேரில் போங்கள். போன் செய்த கல்லூரிக்கு நாங்கள் போனோம். வரவேற்பறை பளபளவென்றிருந்தது. மின்னணுவியல் ஆய்வகத்தைப் பார்க்கக் கேட்டதற்குச் சாவி இல்லை என்றார்கள். கேண்டீனில் இருந்த மூன்றாமாண்டுப் பிள்ளைகள், ஒரே பாடத்துக்கு நடுவில் ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்ததைச் சொன்னார்கள். எங்களுக்கு அது போதும்.

கவுன்சிலிங் விருப்பப் பட்டியலில், 1994-இல் தொடங்கிய பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியை முதலிலும், 2013-இல் செட்டிக்கரையில் வந்த தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரியை அடுத்தும் போட்டோம். எட்டாது என்று பயந்து பர்கூரைக் கீழே தள்ளச் சொன்னார் பிரவுசிங் சென்டர்காரர். கேட்காதீர்கள். மேலிருந்து கீழாகத்தான் ஒதுக்குவார்கள். எட்டாததை மேலே போட்டால் நட்டம் எதுவும் இல்லை, எட்டக்கூடியதைக் கீழே தள்ளினால்தான் போய்விடும். பர்கூரே கிடைத்தது, அவள் கேட்ட இ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல்) பிரிவில்.