உப்புநீர்த் தொட்டியில் மோலி: ஒரு நாட்குறிப்பு

2024 மார்ச் 9

பாறைகளின் மேல் முடிப்பாசி விரல் நீளத்திற்கு வளர்ந்துவிட்டது. ஜோவாந்திட் பவழக் கூட்டம் ஒன்று அதற்குள் புதைந்து, பாதிக்கு மேல் விரியாமல் கிடக்கிறது. பாசி தின்பதற்கென்று எல்லோரும் சொல்லும் டாங் மீன் நீந்துவதற்கு மிகுந்த இடம் கேட்பது. 120 லிட்டர் தொட்டியில் அதை விடுவது கொடுமை. பிளென்னி மீன் படலப் பாசியை நன்றாகச் சுரண்டுமே தவிர, நீண்டு வளர்ந்த முடிப்பாசியை அநேகமாகத் தொடுவதில்லை. படலம் தீர்ந்த பிறகு வேறு தீவனத்துக்குப் பழகாவிட்டால் மெலிந்துபோகும். ஆகவே நன்னீர் மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பாசி மேயும் மோலியை உப்புநீருக்குப் பழக்கி விடுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

இது எல்லா நன்னீர் மீனுக்கும் பொருந்தாது. நன்னீரில் வாழும் மீனின் உடலில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம் என்பதால், செவுள் வழியே நீர் இடையறாது உள்ளே புகுகிறது. சிறுநீரகம் அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கடலில் நிலைமை தலைகீழ்: உடல் நீரை இழக்கிறது, மீன் கடல்நீரைக் குடித்தாக வேண்டும், குடித்த உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வெளியே தள்ள வேண்டும். இந்த மாற்றம் மோலிக்கு இயலும். பாய்த்துடுப்பு மோலி அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து மெக்சிகோவின் வெராகுரூஸ் வரையுள்ள கரையோரச் சதுப்புகளில் நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றிலும் வாழ்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனுக்கு அந்தத் திறன் இல்லை. அதைக் கடல்நீரில் விட்டால் சாவுதான்.

2024 மார்ச் 10

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளுக்குப் போய்க் கறுப்பு மோலிகள் சில வாங்கினேன். எதற்கென்று கேட்ட கடைப் பையன், "உப்புத் தண்ணியில விட்டா செத்துரும் சார்" என்று எச்சரித்துவிட்டே பையைக் கட்டினான். எல்லாம் ஆண்களாகப் பார்த்து எடுத்தேன். வயிற்றடித் துடுப்பு குச்சிபோல் ஒடுங்கியிருந்தால் அது ஆண். பெண் மோலி ஒருமுறை பெற்ற விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்கள் குட்டி போடும்.

வாளியில் மூன்று லிட்டர் நன்னீரில் மீன்களை விட்டு, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டி நீரை நொடிக்கு இரண்டு சொட்டாக இறங்கவிட்டேன். சுமார் மூன்று மணி நேரத்தில் ஒரு லிட்டர் சேர்ந்து, உப்பு கடலின் கால் பங்கை எட்டியது. அதோடு நிறுத்தி, காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் போட்டு இரவு முழுவதும் விட்டுவைத்தேன். ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று சொல்வோரும் உண்டு. செவுள் தன் வேலையை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுப்பதே எனக்குச் சரியென்று படுகிறது. பையில் வந்த நீரைச் சேர்க்காமல் கொட்டிவிட்டேன். அதில் தேங்கிய அம்மோனியம், கடல்நீர் கலந்து பி.எச். ஏறும்போது நச்சான அம்மோனியாவாக மாறும்.

2024 மார்ச் 13

அடுத்த நாட்களிலும் இப்படியே சொட்டவிட்டதில், வாளி நீரின் உப்பு, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் கடலின் அளவான 35-ஐ (ஆயிரத்துக்கு) தொட்டது. மீன்களைத் தொட்டியில் விட்டேன். அடர்ந்த நீர் மேலே தூக்குவதால் அவை தலையைக் கீழே சாய்த்து, வாலை விடாமல் அடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. மாலைக்குள் அது சீரானது. கோமாளி மீன் இணை தன் மூலைக்கு அருகில் வந்தவற்றை மட்டும் விரட்டியது.

2024 மார்ச் 24

இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மோலி பாசியைச் சுரண்டுவதில்லை. உதட்டால் ஓர் இழையைக் கவ்வி, தலையைப் பக்கவாட்டில் வெட்டி இழுத்துப் பிய்க்கிறது. நீண்ட கற்றையை அடியோடு பிடுங்க அதனால் ஆகாது, நுனியைத்தான் மேய்கிறது. அதனால் கற்றைகளை நானே பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பிடுங்கினேன். பிறகு துளிர்த்த குட்டை இழைகளை அவை தலைதூக்க விடவில்லை. குமிழ்ப் பாசியை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

தின்றது எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். பச்சை நூலாக எச்சம் தொங்குகிறது. அது அப்படியே நீரில் கரைந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் திரும்பவும் பாசிக்கே உரம். பாறையில் ஒட்டிக்கிடந்த சத்தை ஃபில்டர் பஞ்சுவரை கொண்டு சேர்ப்பதோடு மோலியின் பங்கு முடிகிறது. பஞ்சைப் பிழிந்து அலசி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கொட்டும் வேலை நம்முடையது.

2024 ஏப்ரல் 21

வெயில் ஏறிவிட்டது, பகலில் நீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவு, சூட்டில் இன்னும் குறைவு; மேற்பரப்பில் விசிறி வைத்திருக்கிறேன். விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எனவே ஈடுசெய்ய உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும்.

அப்படி ஊற்றும் நீரின் டி.டி.எஸ்.ஸை (கரைந்துள்ள உப்புகளின் அளவை) அளந்தபோது 70 காட்டியது. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு உண்டு. குடிக்க அது நல்லது; கடல் தொட்டிக்கு அந்த வழியாகத்தான் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் நுழைகின்றன. திருகை மூடி, கடைசியில், எஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை இணைத்ததும் அளவு பூஜ்ஜியத்துக்கு வந்தது. இதைச் செய்யாமல் எத்தனை மோலி விட்டாலும் பயனில்லை.

2024 ஜூன் 2

நண்பர் ஒருவர், "மோலியால கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வராதா?" என்று கேட்டார். நன்னீர்ப் புள்ளி நோய்க்கான ஒட்டுண்ணி வேறு. அது கடல்நீரில் பிழைக்காது. கடல் மீனின் வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி நன்னீரிலிருந்து வர வழியில்லை. ஆனால் தொட்டியில் அது ஏற்கெனவே இருந்தால் மோலியையும் பற்றும். கறுத்த உடலில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும் என்பதற்காகவே, புதிய தொட்டியைச் சோதிக்கக் கறுப்பு மோலியை முதலில் விடுவோர் இருக்கிறார்கள்.

இப்போது பாறைகளில் மேய்வதற்குப் பாசி போதவில்லை. காலையில் நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டிவிடுகிறேன். ஸ்பைருலினா தீவனம் ஒருநாள் விட்டு ஒருநாள். பாஸ்பேட்டை ஜூன் முடிவில் மறுபடி அளந்து பார்த்துவிட்டு, தீவனத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்க வேண்டும்.