தொடை இடுக்கு அரிப்பு: சாப்பாட்டை மாற்றினால் போகுமா?

தொடை இடுக்கில் அரிப்பு என்றால் ஆண்கள் லேசில் வாய் திறக்க மாட்டோம். நானும் கைபேசியில் தேடிக்கொண்டு பேசாமல் இருந்தேன். தேடினால் வருவதெல்லாம் சாப்பாடு. சர்க்கரையை விடு, மாவுச்சத்தை விடு, பூஞ்சை பட்டினி கிடந்து செத்துப்போகும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒருவரிடமும் காட்ட வேண்டியதில்லையே!

இனிப்பை விட்டேன். அரிப்பு அதுபாட்டுக்கு இருந்தது. படுத்தால் அதிகம், வியர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இன்னும் அதிகம். உள்தொடையில் சிவந்த வளையம் ஒன்று மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது. ஓரம் தடித்துச் செதில் செதிலாகவும், நடுப்பகுதி ஓரளவு தெளிந்தும் இருந்தது. அப்புறம் தோல் மருத்துவரிடம் போனேன்.

வெட்கமெல்லாம் முதல் நிமிடத்தோடு சரி. அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வளையத்தின் ஓரத்தைப் பார்த்தார், விதைப்பையைப் பார்த்தார், முன்தோலைப் பின்னால் தள்ளச் சொல்லிப் பார்த்தார். பிறகு பாதத்தைக் காட்டச் சொன்னார். கால் விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. காலில் இருக்கும் பூஞ்சை, உள்ளாடை மாட்டும்போது துணியில் ஒட்டி மேலே ஏறிவிடுமாம். அதனால் கால் குணமாகும்வரை முதலில் காலுறை, பிறகுதான் உள்ளாடை என்றார்.

கடைசியாக நாக்கை நீட்டச் சொன்னார். அரிப்பு எங்கே, நாக்கு எங்கே? ரைபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமின் நன்றாகக் குறைந்துபோனால் வாயோரம் வெடிக்கும், நாக்கு சிவந்து புண்ணாகும், விதைப்பைத் தோலும் சிவந்து உரிந்து அரிக்கும் என்றார். துத்தநாகம் குறைந்தாலும் வாயைச் சுற்றியும் இடுக்குகளிலும் தோல் கெடும். உணவில் ஒரு சத்து இல்லாமல் போவதே அங்கே அரிப்பாக வருவது இந்த மாதிரி நிலைகளில்தான். என் நாக்கிலும் வாயோரத்திலும் ஒன்றுமில்லை. விதைப்பையும் சுத்தமாக இருந்தது. தொடைப் படை, அதாவது பூஞ்சையால் இப்படி வளையமாகப் பரவும் தொற்று, பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும், காண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை அப்படி விடாது என்றார்.

வளையத்தின் ஓரத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் போட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார்கள். தோல் செல்கள் கரைந்துபோக, பூஞ்சை இழைகள் மட்டும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். வலியே இல்லை. இழைகள் இருந்தன.

சர்க்கரை விஷயத்தைக் கேட்டேன். படையை உண்டாக்கும் பூஞ்சை தின்பது கெரட்டினை, அதாவது தோலின் மேலடுக்கில் இருக்கும் புரதத்தை. நான் இனிப்பு சாப்பிடாவிட்டால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்படிச் சொன்னவரே ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கவும் எழுதிக்கொடுத்தார். ரத்தச் சர்க்கரை தொடர்ந்து ஏறியிருந்தால் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும், திரும்பத் திரும்பவும் வரும். முன்தோலுக்கு அடியில் வெள்ளையாகப் படிந்து அரிப்பது, சில ஆண்களுக்குச் சர்க்கரை நோயே முதன்முதலாகத் தலைகாட்டும் விதம். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளுக்கு இதே அரிப்பு ஒரு பக்கவிளைவு. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

எனக்கு ஹெச்பிஏ1சி 6.1 வந்தது. ரத்தச் சர்க்கரையின் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண் இது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நோய். ஆக, சாப்பாட்டை மாற்ற எனக்குக் காரணம் இருந்தது. ஆனால் படை போவதற்கு மருந்துதான் வேண்டும்.

படை இரண்டு தொடையிலும் பரவியிருந்ததால் களிம்போடு இட்ராகோனசோல் மாத்திரையும் கொடுத்தார். எழுதும் முன் ஈரல், இதயம், வேறு மருந்துகள் பற்றியெல்லாம் கேட்டார். நெஞ்செரிச்சலுக்கு அவ்வப்போது மாத்திரை போடுவேன் என்றதும் பேனாவை நிறுத்திவிட்டார். இந்தப் பூஞ்சை மாத்திரை உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அதைக் குறைக்கும் மருந்தோடு விழுங்கினால் பாதி வீண். வெறும் வயிற்றிலும் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். அரிப்புக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு இருப்பதை நான் தேடிய இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

சாப்பிட்டதையும் அரிப்பையும் ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். அதில் தெரிந்தது எளிய விஷயம்தான். அதிகக் காரம் தின்ற இரவுகளில் வியர்வை, வியர்த்த இரவுகளில் அரிப்பு. மது எடுத்தாலும் அப்படித்தான், தோல் சூடேறிச் சிவந்து நமைச்சல் தூக்கும். பாலையும் மாவுப் பண்டங்களையும் நோட்டில் எவ்வளவு துழாவியும் ஒரு ஒழுங்கும் கிடைக்கவில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ள சிலருக்குக் கொட்டைகள், சாக்லேட், பருப்பு வகைகளால் தோல் அரிக்கலாம் என்றார். அதற்கு முதலில் சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்ய வேண்டும், சந்தேகத்தின் பேரில் பருப்பையெல்லாம் ஒதுக்குவது வீண் வேலை. காபி, தக்காளி, எலுமிச்சை என்று நீளும் பட்டியல் ஆசனவாய் அரிப்புக்குச் சொல்லப்படுவது. அதைத் தொடை இடுக்குக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

நான் நிறுத்தியது இனிப்புப் பானங்களை. குறைத்தது இரவு நேரக் கொறிப்பை. எடை கொஞ்சம் இறங்கியதும் நடக்கும்போது தொடை உரசுவது குறைந்தது, அதோடு ஈரமும். அரிப்பு அடங்கிய பிறகும் களிம்பை உடனே விடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை ஓரத்தைத் தாண்டியும் சேர்த்துத் தடவினேன். நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீட்டினார், வேண்டாம் என்றுவிட்டேன். அது அரிப்பை உடனே அமுக்கும், உள்ளே படை உருமாறிப் பரவும், தொடைத் தோல் மெலிந்து கோடு விழும்.

அடுத்த பரிசோதனையில் 5.6 வந்தது. இனிப்புப் பானம் வீட்டுக்குள் திரும்ப வரவில்லை. காரத்தைத்தான் விட முடியவில்லை. அப்படிச் சாப்பிடும் இரவுகளில் குளித்து, இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுப் படுக்கிறேன்.