பச்சைதான், ஆனால் எவ்வளவு பளபளப்பு?

இன்ஜினின் நிறம் பச்சை என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடே கிடையாது. மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார் அது, 1098 சிசி ஏ சீரிஸ் இன்ஜின்; அதற்குப் புதுப் பெயிண்ட் அடிக்கக் கிளம்பியிருந்தோம். டைனமோ பிராக்கெட்டைக் கழற்றியபோது அதற்கடியில், ஆயிலும் சூடும் அதிகம் படாத இடத்தில், அந்தக் காலத்துப் பச்சை உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருந்தது. சண்டை வந்தது அந்தப் பச்சை எவ்வளவு மினுங்க வேண்டும் என்பதில்.

மச்சான் கிளாஸ் கட்சி, அதாவது முழுப் பளபளப்பு. "அத்தான், பானட்டைத் திறந்தா முகம் தெரியணும்" என்பது அவன் கொள்கை. மாமனார் மேட் கட்சி, அதாவது மினுங்காத மங்கல். "அந்தக் காலத்துல எந்த இன்ஜினும் இப்படி மினுமினுன்னு இருந்ததில்லை, நான் பார்த்திருக்கேன்" என்றார். அவர் பார்த்த இன்ஜின்கள் எல்லாம் ஆயிலும் தூசியும் சேர்ந்து பூசிவிட்ட மேட் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் இரண்டுக்கும் நடுவில், மிதமாக மினுங்குகிற சாட்டின். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் அடி விழும் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

"மூடி வைக்கப்போற பொருளுக்கு மூணு பேரும் எதுக்கு இப்படி அடிச்சுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். யாரிடமும் பதில் இல்லை.

உண்மையில் மேட் எனக்குப் பிடிக்காததற்கு அழகு காரணமல்ல. மேட் பெயிண்டின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பானது. வெளிச்சத்தைச் சிதறடித்து மங்கலாகக் காட்டுவதே அந்தச் சொரசொரப்புதான். அதிலேயே ஆயிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். துடைத்தால் கறை பரவும். அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் பளபளப்பாகி, கறையைவிட அசிங்கமாக நிற்கும். கிளாஸ் என்றால் ஒரு துணி போதும். ஆனால் தகட்டில் இருக்கிற ஒவ்வொரு நெளிசலையும் கிளாஸ் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். இன்ஜினின் மேல்மூடியான எங்கள் ராக்கர் கவரில் நெளிசலுக்குப் பஞ்சமில்லை.

இப்படி நாங்கள் கட்சி கட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பெயிண்ட் வந்து சேர்ந்தது. பழைய பச்சைக்குப் பொருந்துகிற நிறம் கிளாஸில் மட்டும்தான் கிடைத்தது. மச்சான் தேர்தலில் ஜெயித்த மாதிரி டின்னைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தான்.

சுத்தம் செய்த கதையை நீட்டி முழக்க வேண்டியதில்லை: கிரீஸ் நீக்கி, வயர் பிரஷ், தின்னர், பெயிண்ட் படக்கூடாத இடங்களை மறைக்க டேப். மாமனாருக்கு அந்த டேப்பும் பிடிக்கவில்லை. "ஃபேக்டரியில இன்ஜினைப் பூட்டின பிறகுதான் பெயிண்ட் அடிச்சான். போல்ட், கேஸ்கெட் ஓரம் எல்லாத்துலயும் பச்சை இருக்கும். நீங்க என்ன நகைக்கடை நடத்துறீங்களா?" என்றார். இதில் அவர் சொன்னது சரி. அசல்படி செய்கிறவர்கள் அந்த அலட்சியத்தையும் சேர்த்துத்தான் செய்வார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

இன்ஜினின் பிரதான உடலான பிளாக்குக்கு அடித்துக் காய்ந்ததும் ஒரு வேடிக்கை. டின்னில் கிளாஸ் என்று எழுதியிருக்கிறது, ஆனால் பிளாக் பார்க்கச் சாட்டின் மாதிரி இருக்கிறது. வார்ப்பிரும்பின் சொரசொரப்பு அது. எவ்வளவு பளபளப்பான பெயிண்டாக இருந்தாலும் அடியில் மேடும் பள்ளமுமாக இருந்தால் பாதி மினுக்கம் அங்கேயே போய்விடும். அதே டின்னிலிருந்து அடித்த ஆயில் சம்ப், இன்ஜினுக்கடியில் ஆயில் தேங்கும் தட்டு, வழவழப்பான தகடு என்பதால் கண்ணாடியாக மின்னியது. நான் பிளாக்கைக் காட்டினேன், மச்சான் சம்ப்பைக் காட்டினான். மாமனார் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ராக்கர் கவரை மச்சான் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான், ஸ்ப்ரே கேனில். அடுத்த பூச்சை ஒரு மணி நேரத்துக்குள் அடி, தவறினால் ஒரு வாரம் பொறு என்று கேனிலேயே அச்சிட்டிருந்தது. அவன் ராத்திரி தூங்கி எழுந்து காலையில் அடித்தான். மேலே மட்டும் காய்ந்து உள்ளே காயாத பெயிண்டில் புதுப் பூச்சின் தின்னர் இறங்கினால் அடிப்பூச்சு உப்பிச் சுருங்கிவிடும். மதியத்துக்குள் ராக்கர் கவர் முழுக்கச் சுருக்கம்.

"அத்தான், இது ரிங்கிள் ஃபினிஷ். பந்தயக் காருக்கெல்லாம் இப்படித்தான் அடிப்பாங்க" என்றான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ரிங்கிள் ஃபினிஷ் என்று ஒன்று இருக்கிறதுதான். அதற்கென்று தனிப் பெயிண்ட் உண்டு. குறுக்கும் நெடுக்குமாகத் தடிமனாக அடித்துச் சூடு காட்டினால் சீரான சுருக்கம் விழும். எங்களுடையது ஒரு மூலையில் வரைபடம், மறு மூலையில் கொப்பளம். சுரண்டி எடுத்து மறுபடி அடிக்க வைத்தேன்.

இன்ஜினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பற்றி மட்டும் நான் மச்சானிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். சாதாரண இன்ஜின் எனாமல் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். பிளாக் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை, அதனால் அங்கே கவலை இல்லை. மேனிஃபோல்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு 650 டிகிரி வரை தாங்குகிற சிலிகோன் பெயிண்ட் வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நான் வெளியே போய் வருவதற்குள் மேனிஃபோல்டும் பச்சை. "செட்டா இருக்கட்டும்னுதான்" என்றான்.

சுரண்டச் சொன்னால், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சுரண்டுகிறேன் என்றான். இன்ஜினை ஸ்டார்ட் செய்தோம். சில நிமிடங்களில் பச்சை பழுப்பானது, பழுப்பு கறுப்பானது, அப்புறம் புகை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலேயே ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் பெயிண்டின் வேலை முடிந்திருந்தது.

சிலிகோன் பெயிண்ட் பெரும்பாலும் மங்கலாகத்தான் வரும். மாமனார் உடனே நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தப் பெயிண்ட் படிப்படியான சூட்டில்தான் இறுகும். சமையலறை ஓவனைப் பார்த்த மச்சானை அவன் அக்கா பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது. நல்லதுதான், பெயிண்ட் புகை ஏறிய ஓவனில் அப்புறம் சாப்பாடு வைக்கக் கூடாது. இன்ஜினையே கொஞ்சம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டு இறுக வைத்தோம்.

அப்படி ஆறவிட்டிருந்தபோதுதான் மச்சான் காருக்கடியில் படுத்துக்கொண்டு கூப்பிட்டான். சம்ப்பின் பின் ஓரத்தில் ஆயில். இந்த இன்ஜினில் கிராங்க்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது, ஆயிலை உள்ளே திருப்பி அனுப்ப ஒரு திருகு மரை மட்டும்தான். கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

"பாத்தீங்களா அத்தான், கிளாஸ் அடிச்சதாலதான் இவ்வளவு தெளிவா தெரியுது!"

மாமனார் நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "மேட் அடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கலாம்."