நல்லூர்த் தேர் அதிராமல் ஓடிய மூன்றாவது இறுவட்டு

மூன்றாவது இறுவட்டில்தான் தேர் அதிராமல் நகர்ந்தது. 2003 ஆம் ஆண்டு ஜேர்மனியிலிருந்து வந்திருந்த மாமா, தம்முடைய டிஜிட்டல் 8 என்ற நாடாக் கமராவில் பதிந்த நல்லூர்த் தேர்த் திருவிழா அது. போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்து ஓராண்டு கடந்திருந்த காலம் என்பதால், வெளிநாட்டு உறவுகள் நிறைந்திருந்த வீதியில் அம்மம்மா அர்ச்சனைத் தட்டுடன் நின்று நாற்பது செக்கன்கள் பேசுகிறார். அவருடைய குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. அம்மாவுக்குக் கைபேசித் திரை ஒத்துவராது. வீட்டிலுள்ள பழைய தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அதற்காகவே அந்த நாடாவை டிவிடி இறுவட்டாக எரிக்கிறேன்.

கணினிக்கு எடுப்பதில் தொல்லை இருக்கவில்லை. மாமா விட்டுச் சென்ற அதே கமரா இன்னும் ஓடுகிறது. நாடா பல வருடங்களாக இறுகிக் கிடந்ததால், ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றிய பின்னரே பதிவெடுத்தேன். பயர்வயர் கேபிள் வழியாக வந்த ஒரு மணித்தியாலப் பதிவு ஏறத்தாழ 13 ஜிபி. அதை செக்கனுக்கு 8 மெகாபிட் அளவில், டிவிடிக்குரிய எம்பெக் 2 கோப்பாக்கியபோது 4.7 ஜிபி இறுவட்டில் தாராளமாக அடங்கியது.

என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது ஃபீல்ட் ஓடர், அதாவது படத்தின் எந்தப் பாதி வரிகள் முதலில் வரும் என்ற ஒழுங்குதான். நம்முடைய ‘பால்’ என்ற தொலைக்காட்சி முறையில் செக்கனுக்கு 25 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமிலும் ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் மறுபாதி. இவ்விரு பாதிகளையும் கமரா ஐம்பதில் ஒரு செக்கன் இடைவெளியில் பதிகிறது. பழைய தொலைக்காட்சியும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டுகிறது. டிஜிட்டல் 8 பதிவில் இரட்டை வரிகள் முதலில் வரும். நான் தெரிவுசெய்த மென்பொருள் அமைப்போ ஒற்றை வரிகளே முதலில் வரும் என்று எடுத்துக்கொண்டது. அதனால் முதலாவது இறுவட்டில் தேர் முன்னே ஓரடி, பின்னே அரையடி என்று நடுங்கியது. வடம் பிடிப்பவர்களின் கைகள் இரட்டையாகத் தெரிந்தன. கணினித் திரை இரு பாதிகளையும் ஒன்றாகவே காட்டுவதால் அங்கே பிழை தெரியவே இல்லை.

அமைப்பைத் திருத்தி எரித்த இரண்டாவது இறுவட்டிலும் அதே நடுக்கம் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு இரவுகள் சென்றன. தொலைக்காட்சித் திரையின் மேல்விளிம்பில் தேரின் கலசம் மறைந்துபோனதால், அமைப்பைத் திருத்திய அன்றே படத்தை 9 வரிகள் கீழே இறக்கியிருந்தேன். ஒன்பது ஒற்றை எண். எனவே இரட்டை வரியில் இருந்தவையெல்லாம் ஒற்றை வரிக்கு இடம்மாற, நான் சரிசெய்த ஒழுங்கு மறுபடி தலைகீழானது. 10 வரிகள் இறக்கினேன். தேர் வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகர்ந்தது. படத்தை மேலே கீழே நகர்த்துபவர்கள் இரட்டை எண்ணிலேயே நகர்த்துங்கள். முழுவதையும் எரிப்பதற்கு முன், இருபது செக்கன் துண்டொன்றைத் திரும்ப எழுதக்கூடிய இறுவட்டில் போட்டுத் தொலைக்காட்சியிலேயே பாருங்கள்.

வெற்று இறுவட்டு கிடைப்பதும் இப்போது அரிதாகிவிட்டது. யாழ்ப்பாண நகரில் நான்கு கடைகள் ஏறி இறங்கித்தான் பத்து வாங்கினேன். ஆதலால் ஒவ்வொன்றும் வீணாகும்போது மனம் பதைக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவும் ஒரு பிரதி கேட்கிறார். அங்கே டிவிடிக்கு ‘என்ரிஎஸ்சி’ என்ற வேறு முறை என்பதால் 576 வரிகளை 480 ஆக்கி, பிரேம் வேகத்தையும் மாற்ற வேண்டும். ஃபீல்ட் ஓடர் அங்கே இன்னும் சிக்கலாகும். அக்காவின் சாமத்திய வீட்டுக் கசெற் அனலொக் வீடியோ 8 என்ற பழைய வகை. அதையும் இதே கமராவில் ஓட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

இந்த இறுவட்டும் இன்னும் முடிந்துவிடவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அம்மம்மா பேசும் இடம் வரவேண்டும் என்று அம்மா கேட்டதால், அங்கே ஓர் அத்தியாயப் புள்ளி வைத்தேன். ஆனால் டிவிடியில் அத்தியாயம் ஒரு முழுப் பிரேமிலிருந்தே, அதாவது மற்றப் பிரேம்களைச் சாராமல் முழுப்படமாகச் சேமிக்கப்பட்ட பிரேமிலிருந்தே தொடங்க முடியும். அப்படிப்பட்ட பிரேம் என்னுடைய கோப்பில் 15 பிரேமுக்கு ஒருமுறைதான் வருகிறது. அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடிய அந்த இடைவெளியில் அம்மம்மா முதலில் சொல்லும் “பிள்ளை” வெட்டுப்பட்டுப் போகிறது. அந்தச் சொல்லுக்குச் சற்று முன்பாக முழுப் பிரேம் ஒன்றை வலிந்து வைத்து, நாளை நான்காவது இறுவட்டை எரிக்கிறேன்.