கெர்பரோஸ் கற்க எங்கே தொடங்குவது?

நெட்வொர்க் பாதுகாப்பு படிக்கும் தம்பி, தங்கைகளே, கெர்பரோஸ் என்பது நெட்வொர்க்கில் நீங்கள் யார் என்பதைக் கடவுச்சொல்லை அனுப்பாமலேயே உறுதிப்படுத்தும் முறை. எடுத்த எடுப்பிலேயே அதன் தொழில்நுட்ப வரையறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 4120-ஐப் பிரித்துவைத்துக்கொண்டு மலைத்துப் போகாதீர்கள். 1988-இல் எம்.ஐ.டி.யின் பில் பிரையன்ட் கெர்பரோஸை விளக்கி நான்கு காட்சிகளாக எழுதிய உரையாடலை முதலில் படியுங்கள். அதில் வரும் அதீனா ஒரு திட்டம் சொல்வாள், யூரிப்பிடிஸ் உடனே ஓட்டையைக் காட்டுவார். கடவுச்சொல் ஏன் நெட்வொர்க்கில் போகக்கூடாது, டிக்கெட்டுக்கு (அதாவது சர்வரிடம் காட்டும் அடையாளச் சான்றுக்கு) ஏன் காலாவதி வேண்டும் என்பதெல்லாம் அந்த வாக்குவாதத்திலேயே விளங்கிவிடும். இத்தனை தெளிவான பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

பிறகு நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில், கெர்பரோஸ் பயன்படுத்தும் 88-ஆம் போர்ட்டை மட்டும் வடிகட்டி, ஒருமுறை கெர்பரோஸ் வழியாக லாகின் செய்யுங்கள். பயனர் பெயர் அப்பட்டமாகத் தெரியும். கடவுச்சொல்லை எங்கு தேடியும் கிடைக்காது.

லினக்ஸ் சோதனை சர்வர் இருந்தால் அதன் கடிகாரத்தை 10 நிமிடம் தள்ளிவையுங்கள். கடிகாரங்களுக்கு இடையே அனுமதிக்கும் வித்தியாசத்தின் வழக்கமான வரம்பு 5 நிமிடம்தான் என்பதால் சரியான டிக்கெட்டையும் அது ஏற்காது. ஆர்.எஃப்.சி.யை அதன்பின் எடுங்கள்.